பிரேஸ்கேர்டில் வழக்கு: தேசாதிபதியின் அதிகாரத்துக்கு இடப்பட்ட எல்லைக்கோடு

பிரேஸ்கேர்டில் வழக்கு என்பது 1937 மே 18 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆட்கொணர்வு மனு வழக்காகும். மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு பிரித்தானியத் தேசாதிபதி (ஆளுநர்) சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் பிறப்பித்த கட்டளை செல்லாது என்று மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்மானித்தது. குடியேற்ற நாடொன்றில் முடியின் நேரடிப் பிரதிநிதியாக ஆட்சி செய்த ஒருவரின் கட்டளையை அந்நாட்டு நீதிமன்றமே சட்ட விரோதமானது என்று ஒதுக்கியதால், நிறைவேற்று அதிகாரத்தின் எல்லை பற்றிய இலங்கையின் முன்னோடித் தீர்ப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இத்தீர்ப்பு பெரும்பாலும் புகழ்ச்சியோடுதான் நினைவுகூரப்படுகிறது. அந்தப் புகழுக்கு அது தகுதியானதே. ஆயினும் அது எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை, அது வகுத்த எல்லை எத்தனை காலம் நிலைத்தது என்ற கேள்விகளோடு படிக்கும்போதே அதன் உண்மையான மதிப்புத் தெரியவரும்.

பின்னணி

1912இல் இலண்டனில் பிறந்த பிரேஸ்கேர்டில் தாயாருடன் அவுஸ்திரேலியாவில் குடியேறியவர். அங்கு இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்தார். 1936இல் தேயிலைத் தோட்ட நிர்வாகம் பழகுவதற்காக இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகஸ் தோட்டத்தில் பயிற்சிக்கு அமர்ந்தார். துரைமார் வரிசையில் சேர வந்தவர், லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் பக்கம் நின்றார். வேலை பறிபோனது. அதன்பின் 1935 இறுதியில் தொடங்கப்பட்டிருந்த லங்கா சமசமாஜக் கட்சியோடு இணைந்து செயற்பட்டார்.

1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டியில் ஏறத்தாழ இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர் கூடிய கூட்டமொன்று நடந்தது. இந்திய விடுதலை இயக்கத் தலைவர் கமலாதேவி சட்டோபாத்யாயாவும் அதில் பேசினார். கலாநிதி என். எம். பெரேரா ‘வெள்ளைத் தோழர்’ ஒருவரை அறிமுகப்படுத்த, பிரேஸ்கேர்டில் எழுந்தபோது கூட்டத்திலிருந்து ‘சாமி, சாமி’ என்ற குரல்கள் எழுந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. தோட்டங்களில் ஒரு வெள்ளையர் முன்னால் தமிழ்த் தொழிலாளி தலை நிமிர்ந்து நிற்பதே அரிதாக இருந்த காலம் அது. துரைமாரின் அதிகாரம் கூலியையும் வேலை நேரத்தையும் மட்டுமன்றி, வெள்ளை நிறத்தின் மீதான அச்சத்தையும் நம்பியிருந்தது. அந்த நிறத்தைக் கொண்ட ஒருவரே மேடையேறித் துரைமாரைக் குறைகூறியது தோட்டச் சொந்தக்காரர்களைக் கலங்கச் செய்ததில் வியப்பில்லை.

ஏப்ரல் 22 அன்று கட்டளை அவர் கையில் கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் ‘முல்தான்’ என்ற கப்பலில் ஏறி வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். அவர் மீது குற்றச்சாட்டு இல்லை. விசாரணை இல்லை. காரணம் கேட்டு மறுமொழி சொல்லும் வாய்ப்பும் இல்லை. கப்பல் புறப்பட்டது, பிரேஸ்கேர்டில் அதில் இல்லை. அவர் தலைமறைவாகிவிட்டார்.

மே 5 அன்று அரசாங்க சபையில் தேசாதிபதியின் செயலைக் கண்டிக்கும் தீர்மானம் 34க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. உள்நாட்டு அமைச்சரின் ஆலோசனையின்றித் தேசாதிபதி நடந்துகொண்டார் என்பதே முக்கிய குற்றச்சாட்டு. அன்றே காலிமுகத்திடலில் நடந்த பெருங்கூட்டத்தில் பிரேஸ்கேர்டில் மேடையில் தோன்றினார். அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே காவல்துறையால் அவரை நெருங்க முடியவில்லை. சில நாட்களில் கொழும்பு புதுக்கடையில் இருந்த கட்சிச் செயலாளர் வேர்னன் குணசேகராவின் இல்லத்தில் அவர் கைதானார். கட்சி ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. ஆட்கொணர்வு மனு உடனடியாகத் தாக்கல் செய்யப்பட்டது.

சட்டப் பிரச்சினை

வழக்கைப் பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான ஆயம் விசாரித்தது. நாட்டின் முன்னணிச் சிவில் வழக்கறிஞரான எச். வி. பெரேரா கட்டணமின்றிப் பிரேஸ்கேர்டிலுக்காக வாதாடினார்.

தேசாதிபதி சார்ந்து நின்றது 1896 ஒக்டோபர் 26ஆம் திகதிய முடியரசின் ஆலோசனைச் சபை ஆணையின் மூன்றாம் பிரிவு. இந்த ஆணை 1916இல் திருத்தப்பட்டிருந்தது. ஒருவரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிடும் அதிகாரத்தை அப்பிரிவு தேசாதிபதிக்கு அளித்திருந்தது. அரசுத் தரப்பு அதை எக்காலத்துக்கும் உரிய பொது அதிகாரமாகப் படித்தது. இதை ஏற்றால், அமைதியான ஒரு நாளில், எவரையும், எக்காரணத்துக்காகவும் தேசாதிபதி வெளியேற்றலாம். நீதிமன்றம் கைகட்டி நிற்க வேண்டும்.

நீதிமன்றம் முன்னால் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது, தேசாதிபதியின் கட்டளை சட்டப்படியானதா என்று ஆராயும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டா? இரண்டாவது, உண்டெனில், அந்த மூன்றாம் பிரிவு அமைதிக் காலத்தில் பயன்படுத்தத் தக்கதா?

முதற் கேள்விக்கு ‘உண்டு’ என்றது நீதிமன்றம். ஒரு மனிதன் காவலில் வைக்கப்பட்டிருக்கும்போது, அதற்குச் சட்ட ஆதாரம் என்னவென்று கேட்பதே ஆட்கொணர்வுப் பேராணையின் வேலை. கட்டளையில் தேசாதிபதியின் கையொப்பம் இருக்கிறது என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது. இரண்டாம் கேள்விக்கு, ஆணை முழுவதையும் அதன் நோக்கத்தோடு சேர்த்துப் படித்து விடை காணப்பட்டது. போர், போரின் உடனடி அச்சுறுத்தல், அல்லது கடுமையான உள்நாட்டுக் குழப்பம் போன்ற அவசர நிலையிலேயே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். 1937 ஏப்ரலில் இலங்கையில் அப்படியொரு நிலை இருக்கவில்லை. ஆகவே கட்டளை செல்லாது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

தீர்ப்பின் வலிமை

இத்தீர்ப்பின் முதல் வலிமை, அது தனக்கு முன்னிருந்த மரபைச் சரியான இடத்தில் எடுத்தாண்டமை. சட்டம் தரும் அதிகாரத்துக்கு மேலாக மன்னனுக்கு அதிகாரமில்லை என்பது 1610இல் இங்கிலாந்தின் அரச பிரகடனங்கள் பற்றிய வழக்கில் எட்வர்ட் கோக் வலியுறுத்திய கருத்து. அரசின் தேவை என்பதே சட்டமாகிவிடாது என்பது 1765இன் என்ரிக் எதிர் கரிங்டன் வழக்கின் சாரம். ஆனால் இங்கிலாந்தில் பிறந்த கோட்பாடு கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கு வருமா என்பது வேறு கேள்வி. 1931இல் நைஜீரிய எலெக்கோ வழக்கில் பிரிவி கவுன்சில் இதற்கு விடை சொல்லியிருந்தது: தேசாதிபதியும் தன் செயலின் சட்டத்தன்மையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டும். கொழும்புத் தீர்ப்பு அந்த வழியில் உறுதியாகக் கால்வைத்தது.

இரண்டாவது வலிமை, சட்டத்தை வாசித்த முறை. அதிகாரம் தரும் ஒரு பிரிவைத் தனியே பிய்த்தெடுத்தால் அது எல்லையற்றதாகத் தோன்றும். அதே பிரிவை அது இருக்கும் ஆணைக்குள் வைத்துப் பார்த்தால் அதன் அளவு தெரியும். வெள்ளம் வரும்போது திறக்க வைத்த மதகை வெயில் காலத்தில் திறந்துவிட்டு, ‘சாவி என்னிடம்தானே இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. அதிகாரம் எதற்காகத் தரப்பட்டதோ அதுவே அதன் எல்லை என்ற இந்த வாசிப்பு, இன்றைய நிர்வாகச் சட்டத்தில் அடிப்படைப் பாடமாக உள்ளது.

இதை மதிப்பிட, இலங்கையின் அண்மைய வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். 1915இல் சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது நாடு இராணுவச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டு, கடுமையான தண்டனைகள் விதிக்கப்பட்டன. சட்டசபையில் அதை எதிர்த்துப் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றிய உரைகள் அப்போதைய நிலையின் சாட்சிகள். 22 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் தேசாதிபதியின் தனிப்பட்ட கட்டளை ஒன்றை அளந்து பார்க்கத் துணிந்தது என்பது சிறிய மாற்றமன்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1941இல், இலண்டனில் பிரபுக்கள் சபை லிவர்சிட்ஜ் எதிர் அண்டர்சன் வழக்கில் அமைச்சரின் தடுப்புக்காவல் கட்டளையை ஆராய மறுத்தது. அட்கின் பிரபு மட்டுமே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அது போர்க்காலம், இது அமைதிக்காலம். அந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. ஆயினும் நிறைவேற்றுத்துறையின் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளாத மனநிலையில், கொழும்பு ஆயம் அட்கின் பக்கத்தில் நிற்கிறது.

ஒரு பிழையான நினைவு

‘பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை நாடு கடத்த முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது’ என்று இவ்வழக்கைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நிகழ்வின் விளைவு அதுதான். தீர்ப்பின் அடிப்படை அதுவன்று.

நாவலப்பிட்டியில் பிரேஸ்கேர்டில் பேசியது காக்கப்பட வேண்டிய பேச்சா என்ற கேள்வியின் மீது தீர்ப்பு நிற்கவில்லை. அன்றைய இலங்கையில் அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்ட அரசியலமைப்பும் இல்லை. 1931இன் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. உரிமைச் சாசனம் தரவில்லை. தீர்ப்பு சொன்னது இவ்வளவே: தேசாதிபதிக்கு இந்த அதிகாரம் உண்டு, ஆனால் இந்த நேரத்தில் இல்லை.

இது சொல் விளையாட்டன்று. தீர்ப்பு உரிமையின் மீது நின்றிருந்தால், அவசர நிலையிலும் அந்த உரிமையின் எடையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். தீர்ப்பு நிபந்தனையின் மீது நின்றதால், நிபந்தனை நிறைவேறிவிட்டதாகக் காட்டினால் போதும், அதே மனிதரை அதே பேச்சுக்காக வெளியேற்றலாம். ஆகவே எல்லாமே ஒரு கேள்வியில் வந்து முடிகிறது: அவசர நிலை உண்டா இல்லையா என்று சொல்பவர் யார்? 1937இல் நீதிமன்றம் ‘நாமும் பார்ப்போம்’ என்றது. அந்தப் பார்வையை மறைக்கும் திரை பின்னர் சட்டமாகவே நெய்யப்பட்டது.

எல்லைக்கோடு நகர்ந்த விதம்

1940இல் போர்க்காலப் பாதுகாப்பு ஒழுங்குகளின்கீழ் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய சமசமாஜத் தலைவர்கள் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். அது உண்மையான போர்க்காலம் என்பதால் பிரேஸ்கேர்டில் தீர்ப்பு அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடியதாக இருக்கவில்லை.

1947இல், பெரும் வேலைநிறுத்தத்தின் நடுவே, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பிரகடனம் செய்யப்பட்ட காலத்தில் அவசர நிலை இருந்ததா என்பதை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்ற ஏற்பாடு அதில் இடம்பெற்றது. பிரேஸ்கேர்டில் வழக்கில் நீதிபதிகள் நுழைந்த வாசல் இதுதான். பத்து ஆண்டுகளில் அந்த வாசலுக்குத் தாழ்ப்பாள் போடப்பட்டது. 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலின்போது அவசர நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பின்வந்த பத்தாண்டுகளில் அவசரகால ஆட்சி இலங்கையர் வாழ்வில், சிறப்பாகத் தமிழர் வாழ்வில், நீண்ட காலப் பழக்கமாகவே மாறியது.

இதற்காக 1937ஆம் ஆண்டு நீதிபதிகளைக் குறைகூற முடியாது. சட்டத்துக்குப் பொருள் சொல்லும் தீர்ப்பைச் சட்டத்தாலேயே மாற்றிவிடலாம். அத்தகைய தீர்ப்பின் இயல்பான பலவீனம் அது. நிறைவேற்றுத்துறையைத் தடுக்கும் நீதிமன்றம், சட்டவாக்கத்துறை நிறைவேற்றுத்துறையின் கைக்கருவியாகும்போது என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவ்வழக்கில் விடை தேட வேண்டிய தேவை எழவில்லை.

நீதிமன்றத்தில் இல்லாதவர்கள்

வழக்கின் பெயர் பிரேஸ்கேர்டில். வழக்கு எழுந்த இடம் தோட்டத் தொழிலாளர் கூட்டம். ஆனால் அந்த இரண்டாயிரம் பேரின் நிலை வழக்கில் ஒரு பிரச்சினையாக எழவேயில்லை. அவர்களுடைய கூலி, லயம், கங்காணியிடம் பட்ட கடன், சங்கம் அமைத்தால் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் அச்சம் எதுவும் நீதிமன்றம் முன் இல்லை. பிரேஸ்கேர்டிலுக்கு முன்பே கோ. நடேசய்யர் போன்றோர் தோட்டத் தொழிலாளரை அணிதிரட்டப் பட்ட பாடும் அதில் இல்லை.

வெள்ளையர் ஒருவர் பாதிக்கப்பட்டதால்தான் நீதிமன்றம் இரங்கியது என்று சொல்வது நீதிபதிகளுக்குச் செய்யும் அநீதி. தீர்ப்பின் நியாயம் நிறத்தைச் சார்ந்ததல்ல; மூன்றாம் பிரிவு ‘எவருக்கும்’ எதிராகப் பயன்படக்கூடியது, அதற்கு இடப்பட்ட எல்லையும் எவரையும் காக்கக்கூடியது. ஆனால் அந்த எல்லையைத் தட்டியெழுப்ப ஒரு வழக்கு வேண்டும். வழக்குக்குக் கட்சி வேண்டும், நாட்டின் சிறந்த வழக்கறிஞர் வேண்டும், மறைந்திருக்க வீடுகள் வேண்டும். தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வெளியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளிக்கு இவை இருக்கவில்லை. அவரை வெளியேற்றத் தேசாதிபதியின் கையொப்பமும் தேவைப்படவில்லை. துரையின் ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

பின்னர் வந்தது இன்னும் கொடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து, மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவர்களாக்கின. அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஓர் இனத்தவருக்கு மட்டும் தகைமையின்மையைச் சுமத்தும் சட்டங்களைத் தடை செய்திருந்தது. அதை நம்பிக் கோடக்கன் பிள்ளை வழக்கு நடத்தப்பட்டது. 1951இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையில் அரசின் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. 1953இல் பிரிவி கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளியது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் இயல்பு, குடிமக்களாவதற்கான தகுதியை நிர்ணயிக்கும்போது கருதத்தக்கது என்பது அதன் நிலைப்பாடு.

இவ்விரு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது மாணவர்களுக்குப் பயன்தரும். 1937இல் நீதிமன்றம் ஒரு பிரிவின் சொற்களைத் தாண்டி அது எதற்காக இயற்றப்பட்டது என்று கேட்டது. 1953இல் அதே கேள்வியை அதே அளவு கூர்மையோடு கேட்டிருந்தால், மூன்று சட்டங்களும் சேர்ந்து யாரை வெளியே தள்ளுகின்றன என்பது மறைந்திருக்காது. முதல் வழக்கில் தனி மனிதர் ஒருவரை நாட்டைவிட்டு அனுப்பும் கட்டளை முறிந்தது. இரண்டாம் வழக்கில், அவர் பேச்சைக் கேட்ட மக்கள் நாட்டுக்குள்ளேயே நாடற்றவர்களாக நின்றனர்.

மதிப்பீடு

பிரேஸ்கேர்டில் 1937 இறுதியில் தானாகவே இலங்கையைவிட்டு இங்கிலாந்து சென்றார். அரசு நாற்பத்தெட்டு மணி நேரத்தில் செய்ய முயன்றதை அவர் தன் விருப்பப்படி, தனக்கு வசதியான நாளில் செய்தார். இதனால் வழக்கு வீண் என்று நினைப்பவர்கள் அதன் பொருளைத் தவறவிடுகிறார்கள். போவதும் இருப்பதும் அவர் முடிவு, தேசாதிபதியின் முடிவன்று என்பதே அங்கு நிலைநாட்டப்பட்டது.

தீர்ப்பின் நிலையான பங்களிப்பு மூன்று. அதிகாரம் பெற்றவர் எவ்வளவு உயர்ந்தவராயினும் அதன் மூலத்தைக் காட்ட வேண்டும். அவசர காலத்துக்கென்று தரப்பட்டதை அன்றாடக் கருவியாக்கக் கூடாது. காவலில் இருப்பவரின் கேள்விக்கு அரசே விடை சொல்ல வேண்டும். குற்றமற்றவர் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை.

அதன் குறையும் தெளிவானது. அது வகுத்த எல்லை நிறைவேற்றுத்துறைக்கு எதிரானது மட்டுமே. உரிமை எழுதப்படாத நாட்டில், பெரும்பான்மை பலத்தோடு இயற்றப்படும் ஒரு சட்டம் அந்த எல்லையை ஓசையின்றி அழித்துவிடும். 1947உம் 1949உம் அதைக் காட்டின. ஆகவே இவ்வழக்கை நீதிமன்றம் பெற்ற வெற்றியாக மட்டும் படிப்பது பாதிப் படிப்பு. தேசாதிபதியைத் தடுத்த சட்டம், தொழிலாளியைக் காக்க ஏன் போதாமற் போயிற்று என்று கேட்பதே மறுபாதி.